இத்தூனில் எவரும் சாகவில்லை

"அப்போ நான் காலையில தின்ன இட்டிலி, மேல சுத்துற செயற்கைக்கோளுக்குத் தெரியும்னு சொல்லுதீய" என்றார் மன்ற உறுப்பினர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

"உங்க இட்டிலி தெரியாது சார். நாம கப்பல்ல அனுப்புற அரிசி மட்டும்தான் தெரியும்" என்றாள் பிலோமினா ராயன்.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் கட்டடத்தில்தான் தென்கடல் ஒன்றியத்தின் நிவாரண இயக்ககம் இருக்கிறது. ஒன்றியம் உருவான நாளிலிருந்து மாதம் ஒரு உறுப்பினராவது ஆய்வுக்கு வருவார். சுவர் முழுக்க ஓடும் படத்தைப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், சீலா மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போவார். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான் என்பதால் பிலோமினாவுக்குப் பதில் மனப்பாடம். படத்தைக் கண்காணிக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு.

"அரிசி மேல ஒரு பூச்சு பூசியிருக்கோம் சார். உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. சாப்பிட்டவங்க உடம்பு ரெண்டு நாளைக்கு லேசா மினுங்கும். மனுசக் கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். சாப்பிடுறதை நிறுத்தினா அணைஞ்சிரும்."

"பேரு, ஊரு எல்லாம் தெரியுமோ?"

"பேரு தெரியாது. எந்த இடத்துல எத்தனை பேருன்னு தெரியும். வளந்த ஆள்னா பெரிய புள்ளி, குழந்தைன்னா சின்னப் புள்ளி."

உறுப்பினர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். சவேலோ நாட்டின் மலைகளுக்கு நடுவே, இத்தூன் பள்ளத்தாக்கு நெடுகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. பிறகு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "திங்கிறவனுக்கு இது தெரியுமா?"

பிலோமினா இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொன்னா சாப்பிடத் தயங்குவாவன்னு சொல்லலை சார். அந்த நாட்டு அரசாங்கத்துக்கு மட்டும், அரிசி போய்ச் சேர்ந்துச்சான்னு பாப்போம்னு பொதுவா சொல்லியிருக்கு. புள்ளி பெருசு சிறுசுங்கறதெல்லாம் நமக்குள்ள."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உறுப்பினர் சாப்பிடப் போனார். மீன் குழம்பு வந்ததும் அந்தக் கேள்வி அவருக்கு மறந்து போயிருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கேவலம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. முன்பெல்லாம் ஒன்றியம் அனுப்பிய அரிசி தளபதிகளின் கிடங்குக்குப் போய், அங்கிருந்து சந்தைக்குப் போனது. பசித்தவனுக்கு வந்து சேர்ந்தது சாக்குதான். அதனால் ஒன்றியம் தன் வெளியுறவுக் கொள்கையில் இரண்டு விதிகளைச் சேர்த்தது. மக்கள் சாப்பிட்டதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த கப்பல் என்பது முதல் விதி. உதவி பெறும் இடத்தில் அரசே மக்களைக் கொல்லவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை இயக்ககம் மனித உரிமைச் சான்று தரவேண்டும் என்பது இரண்டாவது. சான்று இல்லையென்றால் கப்பலும் இல்லை, சவேலோ மலையிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் கனிமமும் இல்லை. கனிமம் இல்லையென்றால் தூத்துக்குடியில் ஓடும் பாதி வண்டிகளுக்கு மின்கலம் இல்லை. இதில் எந்த விதி யாருக்காகப் போடப்பட்டது என்று பிலோமினா யோசித்ததுண்டு. யோசித்துவிட்டுச் சம்பளம் வாங்கியதும் உண்டு.

உறுப்பினர் வந்துபோன வாரமே புள்ளிகள் அணைய ஆரம்பித்தன.

முதலில் ஆற்றங்கரை ஊர்கள், பிறகு மேட்டு ஊர்கள். வாரக் கடைசியில் பள்ளத்தாக்கில் முக்கால்வாசி இருட்டு. கணினி, அதற்குச் சொல்லிக் கொடுத்தபடி, 'அரிசி கடத்தப்பட்டிருக்கலாம்' என்று சிவப்பில் எழுதியது. சிவப்பு வந்தால் ஏற்றிய கப்பலையும் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். துறைமுகத்தின் நான்காம் கப்பல் தளத்தில் அரிசி ஏற்றிக்கொண்டு நின்ற கப்பலின் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

"களவாணிப் பயலுவ. திரும்பவும் கிடங்குக்குக் கொண்டுபோயிட்டானுவ" என்றார் ஆறுமுகநயினார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மனிதர். தன் காலத்தில் ஒரு மூட்டைகூடக் களவு போகவில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவர்.

பிலோமினா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கோ இடித்தது. இருட்டு முழு இருட்டாக இல்லை. ஊருக்கு ஊர், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தெரிகிற அளவில், பொடிப்பொடியாய் ஏதோ மினுங்கின. எல்லாம் சின்னப் புள்ளிகள்.

"சார், திருடறவன் பிள்ளைங்க பங்கை மட்டும் விட்டுட்டா போவான்?"

"பெத்தவங்க தங்களுக்கு இல்லாம பிள்ளைகளுக்குக் குடுத்திருப்பாவ."

"ஒரு வீட்டுல அப்படிக் குடுப்பாங்க, பத்து வீட்டுல குடுப்பாங்க. பள்ளத்தாக்கு பூராவும் ஒரே வாரத்துல, ஒரு பெரிய ஆள்கூட ஒரு வாய் தின்னாமலா?"

ஆறுமுகநயினாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அந்த லெமோகிட்ட இதைப் பத்தி ஒண்ணும் பேசிராத. பாதுகாப்புக்காரங்க அவன் மேல ஏற்கெனவே ஒரு கண்ணு வச்சிருக்காவ" என்று மட்டும் சொன்னார்.

லெமோ இயக்ககத்தின் வானொலி அறிவிப்பாளன். இத்தூன் பள்ளத்தாக்கில் பிறந்த தூரே இனத்தவன். பத்து வருடங்களுக்கு முன் படிக்க வந்தவன் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டான். துறைமுகத்தாரோடு பழகிப் பழகி அவன் தமிழ் அசல் தூத்துக்குடித் தமிழாகிவிட்டது. நிவாரண அரிசியை எப்படிக் கழுவுவது, எவ்வளவு தண்ணீர் வைப்பது, கைக்குழந்தைக்கு எப்படிக் குழைத்துக் கொடுப்பது என்று தினமும் காலையில் தூரே மொழியில் பேசுவான். பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ஒன்றியம் கொடுத்த வானொலி இருந்தது. இயக்ககத்தில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. பூச்சைப் பற்றியோ படத்தைப் பற்றியோ அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது உத்தரவு.

உணவுக்கூடத்தில் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள் பிலோமினா. உத்தரவை மீறப்போகிறோம் என்று பயமாக இருந்தது. கப்பல் கரையில் நிற்கிறது, அரிசி இல்லாமல் ஒரு பள்ளத்தாக்கு காயப்போகிறது என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

"லெமோ, உங்க ஊர்ல பெரியவங்க மட்டும் சோறு சாப்பிடாம இருக்கிற விரதம் ஏதாவது உண்டா?"

அவன் கை பாதியில் நின்றது. "எதுக்கு யக்கா கேக்கீய?"

"சும்மாதான்."

"சும்மால்லாம் நீங்க கேக்க மாட்டீய. இத்தனை வருசத்துல எங்க ஊரைப் பத்தி நீங்க ஒண்ணுமே கேட்டதில்ல."

அது உண்மைதான். அவளுக்குச் சுருக்கென்றது. "பள்ளத்தாக்குல பெரியவங்க அரிசி சாப்பிடுறதை நிறுத்திட்டாங்க. பிள்ளைங்க மட்டும் சாப்பிடுது."

லெமோ தட்டைத் தள்ளி வைத்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "துக்கம்" என்றான். "வீட்டுல சாவு விழுந்தா அடுத்த அமாவாசை வரைக்கும் பெரியவங்க தானியம் தொட மாட்டாவ. கிழங்கும் கீரையும்தான். தின்னா, செத்தவங்களைச் சாகலைன்னு சொன்ன மாதிரி. பால்பல் விழாத பிள்ளைங்களுக்கு மட்டும் அது கிடையாது, அதுங்க சாப்பிடலாம்."

"ஒரு ஊர்ல சாவுன்னா ஊரே இருக்குமா?"

"இல்ல. அந்த வீடு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரன்கூட இருக்க மாட்டான்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எத்தனை வீடு யக்கா?"

அவள் முகத்தைப் பார்த்து அவனே புரிந்துகொண்டான். "எல்லா வீடுமா?"

"காய்ச்சல் கீய்ச்சல் வந்திருக்குமோ லெமோ?"

"காய்ச்சல்னா மொதல்ல போறது பிள்ளைங்கதான். போன மாசம் எங்க அக்கா சொல்லி அனுப்பியிருந்தா. நிவாரணத்துக்குப் பேர் பதியணும், வீட்டுக்கு ஒரு ஆள் ஆத்தங்கரைக்கு வரணும்னு அரசாங்கம் சொல்லியிருக்காம். மச்சான் போறதாச் சொன்னா. அதுக்கப்புறம் அவகிட்டயிருந்து ஒரு சேதியும் இல்ல." திடீரென்று கேட்டான். "இதெல்லாம் இங்க இருந்துட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு மேல் மறைப்பது அசிங்கம் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சை, புள்ளியை, படத்தை. மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்தாள். ஆறு வளையும் இடத்துக்கு மேலே அவன் அக்கா ஊர். அங்கே பெரிய புள்ளி ஒன்றுகூட இல்லை. நாலைந்து சின்னப் புள்ளிகள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் இன்னும் பல் விழவில்லை.

"அப்போ தினமும் காலையில நான் ரேடியோவுல, நல்லா சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்கு வயிறு நெறயக் குடுங்கன்னு சொன்னேன்லா. அது எங்க ஆளுங்க எங்கெங்க இருக்காவன்னு உங்களுக்குக் காட்டிக் குடுக்கவா?"

"உதவி போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்கத்தான் லெமோ."

"சரி யக்கா" என்றான். அந்தச் 'சரி'யில் அவன் அவளை நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பச் சொல்லிக் கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை.

ஆறுமுகநயினார் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். லெமோவிடம் பேசியதற்கு முதலில் திட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவர் கண் கலங்கியிருந்தது.

"வீட்டுக்கு ஒரு ஆளு. நாம குடுக்கிற அரிசிக்குப் பேர் பதியறதுக்கு வந்த இடத்துல" என்றார். "ஏம்மா பிலோமி, இது நெசமா இருந்தா சான்று குடுக்க முடியாது."

"சான்று அப்புறம் சார். மொதல்ல கப்பல் போகணும். திருட்டுன்னு போட்டுக் கப்பலை நிறுத்தினா துக்கம் முடியறப்போ அவங்களுக்குத் திங்க ஒண்ணும் இருக்காது. பிள்ளைங்க இப்பவே அதைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"ஒரு குறிப்பு எழுதிக் குடு. திருட்டு இல்ல, துக்கம்னு. நான் கையெழுத்து போட்டுக் கப்பலை விடுதேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, சின்னப் புள்ளிகளைப் பற்றிய பத்தியை அடித்தார். வயதைக் கண்டுபிடிக்க முடியும் என்பது ஒன்றியத்தின் ரகசியம், எந்தக் கோப்பிலும் வரக்கூடாது என்றார். மிச்சம் இருந்தது சின்னக் குறிப்பு: சாவு விழுந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் தானியம் தொடுவதில்லை, பள்ளத்தாக்கில் பெரும்பாலான வீடுகளில் சாவு விழுந்திருப்பதாகத் தெரிகிறது, அரிசி கடத்தப்படவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பிலோமினாவுக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

கப்பல் கிளம்புவதற்கு முன்பே புள்ளிகள் திரும்பி எரிய ஆரம்பித்தன.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது படத்தின் முன்னால் கூட்டம். இத்தூன் பள்ளத்தாக்கு பழையபடி ஜொலித்தது. கணினி பச்சையில் 'இயல்பு நிலை' என்று எழுதியிருந்தது. யாரோ மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினார்கள். பிலோமினா எண்ணிக்கையைப் பார்த்தாள். துக்கத்துக்கு முந்தின எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வீட்டுக்கு ஒருவர் செத்த ஊரில் ஆள் குறையவே இல்லை. அமாவாசை வருவதற்கு இன்னும் நாள் கிடந்தது.

பெரிதாக்கினாள். பாதிப் பேர் வீடுகளில் இல்லை. ஆற்றங்கரையில் வரிசை வரிசையாக, நூல் பிடித்தாற்போல் நின்றார்கள். அது பட்டாளத்துக் கூடாரங்களின் வரிசை. மீதிப் பேர் வீடுகளில், எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

துக்கத்தை இங்கே கண்டுகொண்டதைச் சவேலோ அரசுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவளுக்கு முதலில் தோன்றியது லெமோதான். அவனிடம் வாய்விட்டது நான்தானே, அவன் யாரிடம் சொன்னானோ, அது யார் காதுக்குப் போனதோ என்று நினைத்தபடியே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"பாத்தியா பிலோமி? சாப்பிடுதாவ" என்றார் ஆறுமுகநயினார். "நேத்தே பதில் வந்துட்டு. உன் குறிப்பு சரியான நேரத்துல போச்சு."

"எங்க போச்சு சார்?"

"சவேலோ தூதரகத்துக்குத்தான். ஒரு நட்பு நாட்டுல சாவு விழுந்திருக்குன்னு நாம கோப்புல ஏத்தணும்னா, ஏத்தறதுக்கு முன்னால அவங்க கருத்தைக் கேக்கணும்லா. முன்தகவல் மரபு. நீ சேர்ந்த நாள்லயிருந்து பாக்குதியே."

"அது கண்டனக் குறிப்புக்குத்தானே சார்? நான் எழுதினது அரிசி கடத்தலைன்னுதானே?"

"சாவுன்னு ஒரு வார்த்தை இருக்குலா. ஒருத்தன் மேல பழி வர்ற மாதிரி எழுதிட்டு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இருக்கது நியாயம் இல்லம்மா. நான் இருபத்தஞ்சு வருசமா அப்படித்தான் செஞ்சிட்டு வாறேன்." அவர் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "யாரும் சாகலையாம். ஏதோ வதந்தியை நம்பிச் சாப்பிடாம இருந்தாவளாம், அதிகாரிங்க வீடு வீடாப் போயி எடுத்துச் சொல்லிச் சாப்பிட வச்சிட்டாவளாம்."

வீடு வீடாகப் போய் எப்படி எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. புருஷன் செத்த பெண்ணின் முன்னால் சோற்றை வைத்து, பின்னால் துப்பாக்கியோடு நின்றிருப்பார்கள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம்தான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், புள்ளிகளின் அளவைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். புதிதாக எரிந்தவை எல்லாம் பெரிய புள்ளிகள்.

சின்னப் புள்ளிகள் அணைந்துகொண்டிருந்தன. அடுத்து வந்த நாட்களில் ஊர் ஊராகத் தேடினாள். தேடத் தேடக் குறைந்தன. ஆறு வளையும் இடத்துக்கு மேலே இருந்த நாலைந்தும் போய்விட்டன. கடைசியில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு சின்னப் புள்ளிகூட இல்லை.

இதை லெமோவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒலிப்பதிவு அறையில் காலை அறிவிப்பை முடித்துவிட்டுக் கருவியை அணைத்துக்கொண்டிருந்தான்.

"லெமோ" என்று ஆரம்பித்தாள். "ஆள் எண்ணிக்கை பழையபடி வந்திருச்சு, ஆனா எல்லாம் பெரிய புள்ளி. பிள்ளைங்க புள்ளி கொஞ்சம் கொஞ்சமா அணைஞ்சு, இப்ப ஒண்ணுகூடத் தெரியலப்பா."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "தெரியக் கூடாதுன்னுதான் அணைச்சேன்."

"என்னது?"

"நீங்க படத்தைக் காட்டின மறுநாளே ரேடியோவுல சொல்லிட்டேன். கப்பல் அரிசியைப் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீய, தின்னா மேல இருந்து தெரியும், ஆத்தங்கரைக்காரங்க வர்றதுக்குள்ள பிள்ளைங்களைத் தூக்கிட்டு மலை ஏறுங்க, அந்தப் பக்கம் இறங்கினா வேற நாடுன்னு. கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சற பக்குவம் சொல்லுத மாதிரி, அதே குரல்ல. இங்க யாருக்குத் தெரியப்போகுது?"

பிலோமினா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்போ உயிரோட இருக்கா?"

"இருக்கும்னு நெனைக்கேன். கிழங்கு தின்னுக்கிட்டு, மழையில நனைஞ்சிக்கிட்டு. கொஞ்சம் கொஞ்சமா அணைஞ்சதுன்னா கேட்டவங்க கேட்டபடி நிறுத்தியிருக்காவன்னுதானே அர்த்தம்? கொன்னிருந்தா ஒரே நாள்ல அணைஞ்சிருக்கும்லா யக்கா?"

கேள்வியாகத்தான் கேட்டான். உயிர் போன பிறகு பூச்சு எவ்வளவு நேரம் மினுங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பாதுகாப்புக்காரர்கள் சந்தேகப்பட்டது சரிதான், இந்த மனுஷன் வானொலியைத் தன்னிஷ்டத்துக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறான். அவன் சொல்வது நிஜமா, இல்லை தன்னையே தேற்றிக்கொள்ளச் சொல்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்பவேண்டும் போல இருந்தது. அதனாலேயே நம்பப் பயமாக இருந்தது.

"மலை ஏறி இறங்க எவ்வளவு நாளாகும்?"

"பெரியவங்களுக்குச் சீக்கிரம் ஆகும். பிள்ளைங்களோட, ஒளிஞ்சு ஒளிஞ்சு போனா ஒரு மாசத்துக்குக் குறையாது. அதுவரைக்கும் ஆத்தங்கரைக்காரங்களுக்கு ஞாபகம் வராம இருக்கணும். அவனுங்களுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். ஆள் எண்ணிக்கை சரியா இருந்தா போதும்னு நெனச்சுக்கிட்டு இருக்கானுங்க. பிள்ளைங்க தனியாத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியாது."

சிவப்புப் பேனாவால் ஆறுமுகநயினார் அடித்த பத்தி பிலோமினாவுக்கு நினைவு வந்தது. அது தூதரகத்துக்குப் போயிருந்தால் அவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்கும்.

மனித உரிமைச் சான்றுக்கான நாள் அந்த வாரமே வந்தது. பள்ளத்தாக்கின் படத்தைப் பார்த்துக் கண்காணிப்புப் பிரிவின் பொறுப்பாளர் எழுதி ஒப்பமிட, இயக்குநர் மேலொப்பம் இடவேண்டும். ஆறுமுகநயினார் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் முகம் சரியில்லை.

"ஏம்மா, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. எண்ணிக்கை சரிதான். ஆனா சின்னப் புள்ளி எங்க? ஒண்ணுகூடக் காணலியே. நீ பாத்தியா?"

பார்த்திருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தேடியிருக்கிறார்.

"என் மனசுக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். "உறையைப் பிரிக்காமலே கையெழுத்து போடற ஆளு நான் இல்ல. ரகசியம் கிகசியம் எல்லாம் கெடக்கட்டும். பிள்ளைங்களைக் காணோம்னு ஒரு குறிப்பு எழுதிக் குடு. இன்னைக்கே அனுப்பி அவங்க கருத்தைக் கேப்போம். பதில் சரியில்லன்னா சான்றை நிறுத்திருதேன். கனிமம் வந்தா என்ன, வராட்டி என்ன. ஓய்வூதியத்தை நிறுத்தினாலும் சரி."

இதை அவர் மனதார சொன்னார் என்பதில்தான் சிக்கல். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவள் வாய் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் மலையில் இருக்கிறார்கள் சார், விட்டுவிடுங்கள் என்று. சொன்னால் மனிதர் அழுவார். அழுதுவிட்டுக் கோப்பில் எழுதுவார். எழுதியது எதையும் இரண்டு பக்கமும் கேட்காமல் அவரால் வைத்திருக்க முடியாது. அந்தக் குறிப்பு தூதரகத்துக்குப் போன மறுநாள் ஆற்றங்கரையிலிருந்து ஆட்கள் மலைப் பக்கம் திரும்புவார்கள்.

"அது ஒண்ணும் இல்ல சார்" என்றாள் பிலோமினா. "அங்க மழைக்காலம். மேகம் கவிஞ்சிருந்தா சின்ன உடம்போட வெளிச்சம் மேல வராது. போன வருசமும் இப்படி ஆச்சு."

"போன வருசமா? எனக்கு ஞாபகம் இல்லியே."

"ஆச்சு சார்."

அவர் அவளையே பார்த்தார். திருட்டுப் பயல்களைத் தேடித் தேடியே பழகிய கண் அது. "போன வாரம் பள்ளத்தாக்கு பூரா சாவுன்னு வந்து நின்ன. இன்னைக்கு மேகம்ங்கிற."

"நான் அவசரப்பட்டுட்டேன் சார். லெமோ சொன்னதைக் கேட்டு, விசாரிக்காம எழுதிட்டேன்."

"நீயா இப்படிப் பேசுத?"

"ஆமா சார்."

ஆறுமுகநயினார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரல் தணிந்திருந்தது. "கனிமக்காரங்க ஒன்னையும் வந்து பாத்துட்டாவளா பிலோமி?"

முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. "நீங்க என்ன வேணா நெனச்சுக்கோங்க சார்" என்றாள்.

பொறுப்பாளரே எழுதி ஒப்பமிட்ட பிறகு தனிச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இயக்குநர் மறுக்க முடியாது. விதியில் அப்படித்தான் இருந்தது. அவள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினாள். இத்தூன் பள்ளத்தாக்கில் நிவாரண அரிசி உரியவர்களுக்கு முழுமையாகச் சென்று சேர்ந்துள்ளது. கண்காணிப்புக் காலத்தில் அரசின் செயலால் எவரும் உயிரிழந்ததற்கான அறிகுறி இல்லை. அந்த இரண்டாவது வரியை எழுதும்போது லெமோவின் மச்சானை நினைத்தாள். அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது. அவரையும், ஆற்றங்கரைக்குப் பேர் பதிய வந்த அத்தனை பேரையும் அவள்தான் இரண்டாம் முறை கொல்கிறாள் என்று தோன்றியது. கை நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டு நகர்த்தி வைத்தாள்.

ஆறுமுகநயினார் அவள் முகத்தைப் பார்க்காமல் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

சான்றுக்காகக் காத்து நின்ற கப்பல் சாயங்காலம் கிளம்பியது. அந்த அரிசி யார் வயிற்றுக்குப் போகிறது என்று பிலோமினாவுக்குத் தெரியும். ஆற்றங்கரைக் கூடாரங்கள் இன்னும் சில மாதங்கள் நன்றாகச் சாப்பிடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அலுவலகம் வந்ததும் அவள் முதலில் பார்த்தது பள்ளத்தாக்கை அல்ல, அதற்கு மேலே இருந்த மலையை. அங்கே ஒன்றும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பார்ப்பாள். ஒளிந்திருக்கும் பிள்ளையும் செத்துப்போன பிள்ளையும் அந்தப் படத்தில் ஒரே இருட்டுதான் என்பது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

லெமோ காலையில் வழக்கம்போல அறிவிப்பு வாசித்தான். என்ன சொல்கிறான் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறுமுகநயினார் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் மரியாதையாகவே நடந்துகொண்டார். என்ன, அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவளை அவர் 'ஏம்மா' என்றோ 'பிலோமி' என்றோ கூப்பிடவில்லை. 'மேடம்' என்றார்.